வின்ச் வாங்குறதுக்கு முன்னாடி படி

தண்டையார்பேட்டை
ஞாயிறு ராத்திரி

டேய் குமாரு,

வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிதான் வலி, வாய் அப்படியே இருக்கு.

உன் தார் ஜீப்ல வின்ச் மாட்டப் போறியாமே, அதான் சிக்கின வண்டியை ரோப் சுத்தி இழுக்கிற மெஷின், பாய் சொன்னாரு. கொல்லிமலை சேத்துல நீ வண்டியோட சிக்கின கதையையும் சொன்னாரு. நீ எங்கிட்ட சொன்ன கதை வேறடா!

கடையில மோட்டார் பவரைத்தான் பீத்துவான். உள்ள என்ன கியருன்னு கேளு. பிளானட்டரின்னா நடுச்சக்கரத்தைச் சுத்தி குட்டிப் பல்சக்கரங்க ஓடும், கச்சிதம், வேகம். மோட்டார் சக்தியில சுமார் 65 சதவீதம் ரோப் சுத்துற டிரம்முக்கு வந்துடும். ஆனா லோடை பிரேக்தான் பிடிக்கணும். அது பல மாடல்ல டிரம்முக்குள்ளயே இருக்கும். லோடோட ரோப்பை இறக்கினா டிரம்மே கொதிக்கும். சிந்தெடிக் ரோப் போட்டிருந்தா உள்சுத்து பாழ். திருகு மாதிரி தண்டு பல்சக்கரத்தைத் திருப்புற வார்ம் கியர்ல 40 சதவீதம் தேறினாலே பெருசு, ஆமை வேகம். ஆனா லோடு பின்னால இழுத்தா டிரம் திரும்பாது, விட்ட இடத்துல நிக்கும். நேர் பல்சக்கரம் வெச்ச ஸ்பர் கியர்னா 1974ல வந்த வார்ன் 8274 வின்ச் மாதிரி. நல்ல வேகம்தான், பம்பர் மேல கோபுரமா நிக்கும்.

உனக்கு எலக்ட்ரிக் பிளானட்டரி, 9500 பவுண்டு போதும். வண்டி மொத்த எடையில ஒன்றரை மடங்கு இருக்கணும்கிறது கணக்கு. வின்ச் மேல போட்டிருக்கிற இழுவை டிரம்மை ஒட்டின முதல் அடுக்கு ரோப்புக்குத்தான், மேல மேல சுத்த குறையும். அதனால ரோப்பை நிறைய வெளியே விட்டு இழு.

என் தலைவலி வேற. பழுதான வண்டியைத் தூக்கிட்டுப் போற நம்ம ரெண்டாவது ரெக்கவரி லாரிக்கும் எலக்ட்ரிக் வின்ச்சே போடலாம்னு மச்சினன் ஒத்தக்கால்ல நிக்கிறான். விலை கம்மியாம். ஃபுல் லோடுல 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியர் கிட்ட குடிக்கும்டா! கொஞ்ச நேரம் இழுத்தா ஆறவிடணும். மாதவரத்துல லாரி வரிசை ஹாரன் அடிக்கிறப்ப மோட்டாருக்கு விசிறி வீசிக்கிட்டு நிக்க முடியுமா? பி.டி.ஓ. பம்புல, அதாவது லாரி எஞ்சினே சுத்துற எண்ணெய் பம்புல, ஓடுற ஹைட்ராலிக்னா எஞ்சின் ஓடுற வரைக்கும் இழுக்கும். எஞ்சின் நின்னா அதுவும் நிக்கும், ஆனா ரெக்கவரி லாரி எஞ்சினே நின்னா நமக்கு என்ன மரியாதை?

ஹைட்ராலிக்னு சொன்னதும் கியர் கேள்வி தீர்ந்துடுச்சுன்னு நினைக்கிறான். அதுலயும் பிளானட்டரி, வார்ம் ரெண்டும் உண்டு. போன வாரம் மணலி பக்கம் ஒரு லாரியில பிளானட்டரி வின்ச்சோட பிரேக் தேஞ்சு, ஏத்திக்கிட்டிருந்த வேன் பின்னாலயே உருண்டு வந்துச்சு. சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிஞ்ச பையன் ஒதுங்கிட்டான், முழங்கை மட்டும் உரிஞ்சது. இருபது வயசுகூட இருக்காது. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

லாரிக்கு எனக்கு ஹைட்ராலிக் வார்ம்தான், மேல தனி பிரேக்கும் சேர்த்து. மெதுவா ஏறட்டும். இதைச் சொன்னதுல மச்சினன் பேச்சு வார்த்தை கட். உன் பேச்சைன்னா கேப்பான். புதன்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கப் போறான், அதுக்கு முன்னாடி ஒரு போன் போடு.

ரோப்பை மடக்கி இழுக்கிற கப்பி, ஸ்னாட்ச் பிளாக், அதைக் காசு கொடுத்து வாங்காதே, எங்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. இழுவை ரெட்டிப்பாகும், வேகம் பாதியாகும். வந்து எடுத்துக்கோ, அப்படியே பாய்க்கு நீ தரவேண்டிய பிரியாணியையும் தீர்த்துடு.

இப்படிக்கு,
முருகன்