பால்ட்வின் புலமைப்பரிசில்: முதலில் இடம், பிறகு விண்ணப்பம்

ஆசிரியருக்கு,

இலங்கையின் பாஹியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழைமையான எலும்பு அம்புமுனைகள் கிடைத்த நாடு இது. ஆனாலும் மனிதத் தோற்றம் பற்றி வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க அமெரிக்காவின் லீக்கி அறக்கட்டளை வளர்முக நாட்டவருக்கென்றே தரும் பால்ட்வின் புலமைப்பரிசில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வழமையான தவறு, விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுப் பல்கலைக்கழகம் தேடுவது. முதலில் மேற்பார்வையாளர், அடுத்து அனுமதிக் கடிதம், கட்டண விலக்கு உண்டென்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பணம் மட்டும் முழுச் செலவையும் தாங்காது. ‘இதர செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை போட்டால் எடுபடாது. விமானச் சீட்டு, வாடகை, விசா, நூல் எனப் பிரித்துக் காட்டுங்கள். திரும்பி வந்து இங்கே என்ன செய்வீர்கள் என்பதை இரண்டே வரியில் முடித்துவிடாதீர்கள்.

– வாசகர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06