பக்கத்து வீடும் உன் மனையும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும்.

பக்கத்தில் பூட்டிக்கிடந்த வீட்டை ஒருவழியாகச் சுத்தம் செய்தாகிவிட்டது. எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் தெருவே விழித்தது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து, மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். நெளிந்துகொண்டிருந்த புழுக்கள் சட்டென்று மொத்தமாக அடியில் போய்விட்டன. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாமாம், இப்படித் தேங்கின நல்ல தண்ணீரே போதுமாம். தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்துக் கழுவணும் என்றார்.

உரிமையாளர் யாரென்று தெரியாமல் ஆறு மாதம் திண்டாடினோம். கடைசியில் சர்வே நம்பரை வைத்து வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்தோம். வெளிநாட்டில் இருக்கிறார். "எனக்கு யாருமே சொல்லலையேம்மா" என்றார். அது பொய்யில்லை. மறுநாளே பணம் அனுப்பிவிட்டார்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் மனை ஞாபகம் வந்தது. பத்திரம் பதிந்ததோடு சரி, நாங்களும் அந்தப் பக்கம் போகவே இல்லை. போன ஞாயிறு அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். எல்லைக்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், அடியில் குப்பைப் பைகளும் பாட்டில்களும். அடுத்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "நீங்க ஓனருக்குச் சொந்தக்காரங்களாம்மா? ராத்திரியில பாம்பு வருது, கொல்லைக் கதவைத் திறக்கவே பயமா இருக்கு." என் மகன் இடம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பாதான் சொன்னார்.

அப்புறம் அவள் மூலைக்குக் கூட்டிப்போனாள். பழைய போர்வெல் குழி. வாயில் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே ஒரு கல். "நான்தான் வச்சேன்மா, இவன் நடக்க ஆரம்பிச்சுட்டான்" என்றாள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை இப்படி ஒரு குழியில் விழுந்து, நாலு நாள் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததே, எனக்கு அதுதான் கண்ணில் நின்றது.

அப்பா மறுநாளே இரும்பு மூடி வாங்கிப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். ஆனால் அது போதாது. பயன்படாத போர்வெல்லை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்பச் சொல்லி 2010லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. கருவேலத்தையும் சும்மா வெட்டினால் துளிர்த்துவிடும். ஜேசிபி வைத்து வேரோடு எடுக்கணும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கணும்.

சுத்தம் செய்தபின் அதில் கீரை போட்டுக்கொள்ளட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குச் சம்மதம்தான், ஆனால் இடம் உன்னுடையது. வண்டிக்காரர் சனிக்கிழமை வருகிறேன் என்கிறார். அதற்குள் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அம்மா