கட்டிவைத்த நாலு பக்கம்

அன்பு மகள் கலைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் நலமா? அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குப் பரவாயில்லை. மழை ஒரு நாள் பெய்தது, அதோடு சரி. கிழக்கு ஓரத்து முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. ஒரு போத்தை வெட்டி நட்டிருக்கிறேன், பிழைத்துக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசினார். ராத்திரி ஒரு மணி வரை உன் அறையில் விளக்கு எரிகிறது, காலையில் கேட்டால் ஒரு வரிகூட வரவில்லை என்கிறாய் என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ என்னிடம் பேசினால் நான் ஏன் அவரிடம் கேட்கப்போகிறேன்? போனை எடுத்தால் "நல்லா இருக்கேம்ப்பா, அம்மாட்ட குடுங்க". பல மாதமாக இதுதான்.

எழுதுவதைப் பற்றி உனக்குச் சொல்ல நான் யார்? இரண்டு புத்தகம் போட்டவள் நீ. நம்மூர் நூலகத்தில் உன் முதல் புத்தகத்தைக் காட்டி, "உங்க மகளா சார்?" என்று கேட்டார்கள். ஆமா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தது தெரிந்தது.

ஆனாலும் 27 வருஷம் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கைப் பிடித்து நின்றவன். எழுத்து வராமல் தவித்தவர்களை உன்னைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். ஆண்டுமலர் போடும் ஒருத்தர், தலையங்கம் மட்டும் பாக்கி என்று மூன்று நாள் நடையாய் நடந்தார். பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார், வெற்றுத் தாளைப் பார்ப்பார், எழுந்து போவார். கடைசியில் "சார், வாயால சொல்லுங்க, நான் கோர்க்கேன்" என்றேன். சொன்னார். முதல் பத்து வரி குப்பைதான், அப்புறம் ஓடிவந்தது. அந்தப் பத்து வரியை, பிழை பார்க்க எடுக்கும் கேலி புரூஃபில் அவரே அடித்துவிட்டார். உனக்குத்தான் போன் இருக்கிறதே, அதில் பேசிப் பாரேன்.

நாலு வரி எழுது, போதும். நல்ல வரியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கதை வரவில்லையென்றால் கடிதம் எழுது. இடைசெவலை எடுத்துக்கொள். ஒரே ஊரில் வளர்ந்த எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும், ஒருத்தர் வெள்ளாமை பார்க்கும் சம்சாரியாக இங்கேயே, ஒருத்தர் பத்திரிகை வேலையாகச் சென்னையில். அழகிரிசாமி இவருக்குப் போட்ட கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கி.ரா.வின் முதல் கதை சரஸ்வதியில் வந்தது 1958-ல், வயது 35-ஐ ஒட்டி. உனக்கு இப்போதுதான் 37. எதற்கு இந்த அவசரம்? சிநேகிதிக்கு எழுது, குட்டிக்கு எழுது. எனக்கு எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அப்பனுக்கு ஒரு கார்டு போடக்கூட நேரமில்லாதவளுக்கு நாவல் எப்படி வரும்? சரி, விடு. ராத்திரி கண் விழிக்காதே. நாலு வரி எழுதிவிட்டுப் படு.

சின்ன வயதில் ஆபீசுக்கு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? அச்சடித்து முடித்த ஈய எழுத்து மேட்டரைக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து அதது கட்டத்தில் நான் போடும்போது, புள்ளி வைத்த எழுத்தெல்லாம் நான்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பாய். பிரித்துப் போட்டால்தான் அடுத்த வேலை. சிலர் "மறுபடி அடிக்கணும், இருக்கட்டும்" என்பார்கள். நூலைச் சுற்றி இறுகக் கட்டி அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுவோம். அப்படி நாலைந்து பக்கம் சேர்ந்துவிட்டால் போச்சு. புது மேட்டர் வரும், கல்யாணப் பத்திரிகைதான், பாதியில் 'ம்' தீர்ந்துவிடும், 'க்' தீர்ந்துவிடும். எழுத்துக் கேஸைத் தட்டித் தட்டிப் பார்ப்போம். எழுத்தெல்லாம் அடியில் கட்டிக் கிடக்கும்.

இதை உனக்கு யோசனையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது.

அந்த நாலு பக்கத்தைக் கட்டிப்போட்டவன் நான்தானே.

போன தைக்கு நீ எழுதி அனுப்பிய தாள்கட்டில் எல்லா இடத்திலும் ஒற்றுப்பிழை திருத்தினேன். அத்தை வரும் இடத்தில் மட்டும் முழுப் பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையால் அடித்தேன். வடக்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அத்தை பெயர் கெடும் என்று உன்னிடம் சொன்னேன். அவர்கள் எந்தக் காலத்தில் புத்தகம் படித்தார்கள்? மூன்றாவது தடவையாக அவள் பெட்டியோடு வந்து நின்றபோது, "உன் வீடு அதுதாம்மா" என்று சொல்லித் திரும்ப பஸ் ஏற்றிவிட்டது நான். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்ததும் நான். அவள் அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள் என்று எழுதியிருந்தாய். என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கும் என்று, ஓரத்தில் 'தகவல் பிழை' என்று எழுதிவிட்டேன்.

பிழையில்லை கலை. பிரிக்கத்தான் இல்லை. பஸ் திரும்புகிறவரை நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ ஒன்றுமே கேட்கவில்லை. சண்டை போட்டிருக்கலாம்.

அந்தக் கட்டை நேற்று மறுபடி எடுத்தேன். அடித்த வரிகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் 'ஸ்டெட்' போட்டிருக்கிறேன். அந்தக் குறி உனக்குத் தெரியும், அடித்தது செல்லாது, வரி இருக்கட்டும் என்று. சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோவும் வாங்கி அதோடு பார்சலில் வைத்திருக்கிறேன், குட்டிக்குக் கொஞ்சமாகக் கொடு, காரம். மிட்டாய் வைக்கவில்லை. வியாழக்கிழமை வாக்கில் வரும், வீட்டில் ஆள் இருக்கட்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தியிருக்கிறேன். பத்தரை மணி பஸ் என்று எழுதியிருக்கிறாய். அது பதினோரு மணி பஸ்.

அப்பா