மாரியில் மாவடிப்பள்ளி வீதி

ஆசிரியர் அவர்கட்கு,

காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக அம்பாறைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மாரியில் வயல்வெள்ளம் வீதியை மூடினால், தார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. போன மாரியில் என் முன்சில்லு ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. பின்னால் வந்த மீன்கார அண்ணன்தான் பிடித்து இழுத்தார். 2024 நவம்பரில் இதே வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு மாணவர்கள் பலியானதை யார்தான் மறப்பார்? ஓரடி ஓட்டத்தண்ணீர் சிறிய காரையே மிதக்கவைத்துவிடும். ஐப்பசிக்குள் வீதியின் இருபுறமும் அடிக்கணக்குக் குறித்த வெள்ளைக் கம்பங்களை நட்டுத்தர வேண்டும். வெள்ளநாளில் பிந்தி வருவோருக்கு அலுவலகங்கள் அரைநாள் லீவு வெட்டவும் கூடாது. அந்தப் பயத்தில்தான் பலர் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள்.

வாசகர் ஒருவர்,
காரைதீவு.