கன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று முதலில் பார்

அன்புள்ள ராகவா,

சிற்றலையைச் சாதாரண ரேடியோவில் கேட்க நீ கட்டிய கன்வெர்ட்டரைப் பற்றிய கடிதமும் சர்க்யூட் படமும் கிடைத்தன. 6பிஇ6 வால்வு, 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை சிற்றலை, வெளியே ரேடியோவுக்கு 1600 கிலோஹெர்ட்ஸ். நல்ல தேர்வு. 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியிருந்தால் இமேஜ், அதாவது கூடவே நுழையும் வேண்டாத அலைவரிசை, 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் விழும், ஒற்றை ஆண்டெனா காயிலால் அதைத் தடுக்க முடியாது. 1600-ல் அது 3.2 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடுகிறது.

இரைச்சல் வருகிறது, ஸ்டேஷன் வரவில்லை, காயில்களுக்குள் இருக்கும் திருகு கோர்களை எல்லாம் திருப்பிப் பார்த்தாயிற்று என்கிறாய். இனி எதையும் திருப்பாதே. ஆசிலேட்டர், அதாவது சிக்னலோடு கலக்க அலை உண்டாக்கும் பகுதி, ஓடுகிறதா, ஓடினால் அதன் அலைவரிசை சிக்னலுக்கு மேலேயா கீழேயா என்று தெரிகிறவரை கோரைத் தொடுவது வீண் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று. 6பிஇ6-இன் ஸ்க்ரீன் கிரிட்டுக்கு நிலையான 105 வோல்ட் தரும் ஓபி2 வாயு வால்வுக்குக் குறுக்கே 8 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. 0.1-க்கு மேல் போனால் அந்த வால்வு தானே அணைந்து அணைந்து எரிய ஆரம்பிக்கும். நீ கேட்கிற இரைச்சலில் பாதி அதுவாகவே இருக்கலாம். 250 வோல்ட்டிலிருந்து 6.8 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் சரிதான்: 21 மில்லிஆம்பியர் வரும், 6பிஇ6-ஐப் பிடுங்கிவிட்டாலும் ஓபி2-இன் 30 மில்லிஆம்பியர் எல்லையைத் தாண்டாது. 6பிஇ6-இன் ஸ்க்ரீனான 6-ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றைக் கால் குட்டையாக வெட்டிப் போடு. ஆசிலேட்டருக்கு ஆனோடு மாதிரி வேலை செய்வது ஸ்க்ரீன்தான், அது ரேடியோ அலைக்குத் தரையில் இருந்தாக வேண்டும். ஃபில்டர் கண்டன்சருக்கு 100 கிலோஓம், 2 வாட் பிளீடரும், அதாவது சார்ஜை வடிக்கும் ரெசிஸ்டரும், தேவை. சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டே உள்ளே கை வை.

இப்போது ஆசிலேட்டர். முதல் பின்னில் 22 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டர் இருக்கிறதல்லவா, அங்கே மீட்டரை வை. முனையில் 1 மெகஓம் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் மீட்டர் வயரே ஆசிலேட்டரை இழுத்துவிடும். கிரிட் கரண்ட் அரை மில்லிஆம்பியர் என்றால் மைனஸ் 11 வோல்ட். 10 மெகஓம் மீட்டர் அதை மைனஸ் 10 என்று காட்டும். கேங்கை, அதாவது ட்யூனிங் கண்டன்சரை, மூடியதிலிருந்து திறக்கும்வரை மெதுவாகச் சுற்று. மைனஸ் 7-க்கும் 12-க்கும் நடுவில் நின்றால் கவலையில்லை. ஆசிலேட்டர் கேங்கைக் குறுக்கே ஷார்ட் செய்தால் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் நீ அளந்தது வேறெதையோ.

கேங் மூடும்போது மட்டும் வோல்ட் செத்துப்போனால் ஆசிலேட்டர் காயிலின் நடுவிலிருந்து கேத்தோடுக்குப் போகும் டேப் தரைக்கு மிகவும் அருகில் இருக்கிறது, ஒரு சுற்று ஏற்று. 15-க்கு மேல் ஏறி, புஸ்ஸென்ற சத்தத்தோடு ஒரே ஸ்டேஷன் பல இடத்தில் வந்தால் டேப் உயரம் அதிகம். எங்குமே ஓடவில்லை என்றால் காயிலின் இரு முனையும் மாறியிருக்கிறதா என்று பார். வால்வைக் குறை சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்.

ஓடுகிறது என்று தெரிந்ததும் அரை மணி நேரம் சூடாக விடு. பிறகு இன்னொரு சிற்றலை ரேடியோவைப் பக்கத்தில் வைத்து அலைவரிசையைப் பார்: கேங் மூடினால் 7.6, திறந்தால் 11.6 மெகாஹெர்ட்ஸ்.

அலைன்மென்ட், அதாவது காயில்களைச் சரியான அலைவரிசைக்குப் பொருத்துவது, பின்னாலிருந்து முன்னால் வரும். ரேடியோவை 1600-ல், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வை. சிக்னல் ஜெனரேட்டரில் 1600-ஐ 0.01 மைக்ரோஃபாரட் வழியாக 7-ஆம் பின்னுக்குக் கொடுத்து, அவுட்புட் காயிலை உச்சத்துக்குக் கொண்டுவா. குறுக்கே 100 பிகோஃபாரட் இருந்தால் 99 மைக்ரோஹென்றி வேண்டும். அந்தக் காயிலில் பிளேட் வோல்ட் இருக்கிறது, பிளாஸ்டிக் டிரைவர்தான். ஸ்பீக்கர் குறுக்கே ஏசி மீட்டர் போட்டு, 4 ஓம் என்றால் 0.45 வோல்ட்டைத் தாண்டாதபடி ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வா. வால்யூமைக் குறைக்காதே. சத்தத்தைத் தானே சமன்செய்யும் ஏஜிசி வேலை செய்ய ஆரம்பித்தால் உச்சம் தட்டையாகிவிடும்.

அடுத்து ஜெனரேட்டரை 400 ஓம் வழியாக ஆண்டெனா முனைக்கு மாற்று. 6 மெகாஹெர்ட்ஸில் ஆசிலேட்டர் கோர், 10-ல் ஆசிலேட்டர் டிரிம்மர் (காயிலுக்குக் குறுக்கே உள்ள சிறு கண்டன்சர்), மறுபடி 6. ஒன்று மற்றொன்றைக் கலைக்கும், இரண்டும் அசையாமல் நிற்கும்வரை மாறி மாறிச் செய். 10-ல் டிரிம்மர் இரண்டு இடத்தில் சிக்னலைத் தரலாம்: ஒன்று 11.6, மற்றது 8.4. டிரிம்மர் அதிகம் திறந்திருக்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. சரிபார்க்க எளிய வழி: டயலை 8-ல் விட்டு ஜெனரேட்டரை 11.2-க்குக் கொண்டுபோ. மெலிதாகக் கேட்டால் ஆசிலேட்டர் மேலே இருக்கிறது. 4.8-ல் கேட்டால் கீழே.

ஆண்டெனா காயிலும் இதே மாதிரிதான், 6-ல் கோர், 10-ல் டிரிம்மர். ஆனால் டயலை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே உச்சம் தேடு, ஏனென்றால் முன்காயில் ஆசிலேட்டரைச் சற்று இழுக்கும்.

இனி உன் படத்தின் உண்மையான குறை: பேடர், அதாவது ஆசிலேட்டர் கேங்கோடு தொடராக வரும் கண்டன்சர், இல்லை. இரண்டு முனையும் பொருந்தினாலும் நடுவில், 7.3 பக்கத்தில், ஆசிலேட்டர் 110 கிலோஹெர்ட்ஸ் போல மேலே விலகும். ஆண்டெனா காயிலின் க்யூ (கூர்மை) 100 என்றால் 10 டெசிபெல் போய்விடும். உன் 140 பிகோஃபாரட் கேங்குக்கு ஆசிலேட்டர் பகுதியோடு தொடராக 910 அல்லது 1000 பிகோஃபாரட் சில்வர் மைக்கா போடு. டிரிம்மர் காயிலுக்குக் குறுக்கேயே இருக்கட்டும். ஆசிலேட்டர் காயில் 1.9-லிருந்து 2.3 மைக்ரோஹென்றி பக்கம் போக வேண்டிவரும், கோர் உள்ளே இறங்கும், போதாவிட்டால் ஒரு சுற்று கூட்டு.

நடுப்பகுதியைச் சோதிக்க ஒரு குச்சி போதும். ஒரு முனையில் ஃபெரைட் துண்டு, மறுமுனையில் பித்தளைத் துண்டு. 7.3-ல் ஸ்டேஷனை வைத்து ஆண்டெனா காயிலுக்குள் ஒவ்வொரு முனையாக நுழைத்துப் பார். பித்தளை சத்தத்தைக் கூட்டினால் பேடரைக் குறைக்க வேண்டும். ஃபெரைட் கூட்டினால் பேடரைக் கூட்ட வேண்டும். இரண்டுமே குறைத்தால் வேலை முடிந்தது. பேடரோடு மல்லுக்கட்ட மனமில்லையென்றால் ஆண்டெனா பக்கம் 25 பிகோஃபாரட் மாறும் கண்டன்சர் குமிழ் ஒன்றை முன்பலகையில் வைத்துவிடு. எனக்கென்னவோ இதுதான் பிடிக்கும்.

கடைசியாக, 6165, 8220 கிலோஹெர்ட்ஸில் விசில் வரும். பயப்படாதே. ரேடியோவின் ஐஎஃப் (அது உள்ளே இறக்கும் இடைநிலை அலைவரிசை) 455 என்றால் அதன் ஆசிலேட்டர் 2055-ல் ஓடுகிறது, இவை அதன் மூன்று, நான்கு மடங்குகள். சந்தேகமானால் ரேடியோவை 1610-க்கு நகர்த்து. உண்மையான ஸ்டேஷன் கன்வெர்ட்டர் டயலில் 10 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும், 6165 விசில் 40 நகர்ந்துவிடும். கன்வெர்ட்டரை அணைத்த பிறகும் 1600-ல் ஏதாவது பேசினால் அது ரேடியோவுக்குள் நேராக நுழைகிறது. ஷீல்டு வயர் உதவும். ஆனால் உள்ளே ஃபெரைட் ராட் ஆண்டெனா இருந்தால் ரேடியோவைத் திருப்பி வைத்துத்தான் அதை அடக்க முடியும்.

பேடர் போட்ட பிறகு 6, 7.3, 10 மூன்று இடத்திலும் கிரிட் வோல்ட், குச்சி என்ன சொன்னது, இரண்டையும் எழுதி அனுப்பு. 6 மெகாஹெர்ட்ஸில் கிரிட் வோல்ட் 7-க்குக் கீழே இருந்தால் டேப் எத்தனையாவது சுற்றில் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
முத்து