பிஸ்கட் வாங்கித் தின்றால் பழகிய நரியா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரை நரிகளைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகவே இருந்தது. அதன் கீழே, "நாய்க்குட்டி போலப் பழகுகின்றன, பயப்படத் தேவையில்லை" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு இது. உங்களுக்குத் தெரியாததா ஐயா?

நரி எங்களுக்குப் புதுசு இல்லை. நான் பிறந்தது சாயல்குடிப் பக்கம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள், ஆனால் ஆள் நிழல் பட்டால் ஓடிவிடும். ராத்திரி ஊளைதான் கேட்போம், நேரில் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பனைகளை வெட்டிச் சூளைக்கு ஏற்றினார்கள். மிச்ச இடத்தைச் சீமைக்கருவை பிடித்துக்கொண்டது. நண்டும் எலியும் தின்று கிடந்த நரி கருவாட்டுக் களத்துக்கு வந்துவிட்டது. மீன் குடலையும் செவுளையும் போட ஒரு தொட்டி கேட்டு மனு கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுதிய கடிதமும் அச்சேறவில்லை. சரி, அது போகட்டும்.

ரஷ்யாவில் நரியைப் பழக்கிக் காட்டினார்கள் என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். 1959-ல் தொடங்கிய வேலை அது. பண்ணை நரிகளில் மனுஷரைக் கண்டு மிரளாததை மட்டும் பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்தார்கள். அதுவும் களத்தில் பசித்து அலைகிற நரியும் ஒன்றா?

என் களத்துக்கு ஒரு பெட்டை நரி வரும். இடது காது கிழிந்திருக்கும், கிழிந்த ஓரத்தில் உண்ணி மொய்த்திருக்கும். விடியக்காலம் நான் நெத்திலியைக் கிளறிவிடும்போது இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும். நானும் கல்லெடுத்ததில்லை. சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட் நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இருபதடி ஐந்தடியானது, அப்புறம் கைக்கே வந்தது. போன பங்குனியில் என் தங்கை பேரன் வெறும் கையை நீட்டினான். பெருவிரலைக் கவ்விவிட்டது.

சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவினேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் கடிவாயைச் சுற்றிப் போடும் மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். நான்கு தவணை ஊசி, நான்கு நாள் கூலியும் போச்சு. வெறிநோய் வந்துவிட்டால் அப்புறம் வைத்தியம் கிடையாது ஐயா. வெறி பிடித்த நரியும் ஆளைக் கண்டு ஒதுங்காது. கிட்டே வருவது பழகிய நரியா, நோய் கண்ட நரியா என்று படம் பிடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே ஊர்ப் பையன்கள் அந்தப் பெட்டை நரியை அடித்துப் போட்டுவிட்டார்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நரியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடிப்பது குற்றம் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? புரட்டிப் பார்த்தேன், மடியில் பால் கட்டியிருந்தது. குட்டிகள் எந்தக் கருவைக்குள் கிடந்தனவோ, இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிசு இல்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "நரிக்குத் தீனி கொடுக்காதீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
கருவாட்டுக் களம் வைத்திருக்கும் வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்.