பூசணத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனது பற்றிப் புகார்

வணக்கம்.

குழந்தை படுக்கும் அறைச் சுவரில் பூசணம் பிடித்திருக்கிறது என்று போன மாதம் உங்களைக் கூப்பிட்டேன். வந்த இரண்டு பேரும் சுவரை நனைக்காமல் அப்படியே பரபரவென்று சுரண்டினார்கள், ப்ளீச் தெளித்துத் துடைத்தார்கள், அன்று சாயங்காலமே இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டு, "பூஞ்சை வராத பெயிண்ட், இனிக் கவலையே வேண்டாம்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மூன்றே வாரம். பெயிண்ட் உப்பி உரிந்து, கறுப்புப் புள்ளிகள் இப்போது கட்டிலுக்குப் பின்னால் வரை வந்துவிட்டன.

இதைச் சொல்ல போன் செய்தால், "சாதாரண பூசணம்தான், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். அந்தச் சாதாரணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு இரண்டரை வயது. ராத்திரியானால் இருமல், நெஞ்சில் விசில் மாதிரி சத்தம், இரண்டு தடவை நெபுலைசர் வைக்கவேண்டி வந்தது. பூசணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஓதம் அடிக்கிற அறையில் இவளைப் படுக்க வைக்கவே வேண்டாம் என்பதை மட்டும் தயங்காமல் சொன்னார். சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் ரொம்பக் குறுகல், கொஞ்சம் வீங்கினாலே இளைப்பு வந்துவிடும். உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை வேறு இழுக்கிறார்கள், போதாததற்கு நாள் முழுக்க விளையாடுவது சுவரோரத் தரையில். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் ஆஸ்துமா, மூச்சுத் தொற்று ஆகியவற்றோடு சேர்த்தே பேசுகிறது. இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று எந்த அளவையும் அது தரவில்லை.

உங்கள் ஆட்கள் ஒரு தடவையாவது ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்களா? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வேறு ஒரு பிளம்பரை வரவழைத்தேன், பத்து நிமிடத்தில் உள்ளே பைப் ஜாயின்ட் கசிவதைக் காட்டிவிட்டார். தண்ணீர் நிற்காத வரை எந்தப் பெயிண்டும் நிற்காது. பூச்சுக்குள் இறங்கிய பூசணம் மேலே தெளித்த ப்ளீச்சுக்குப் போகாது, செத்ததுகூட உதிர்ந்து காற்றில் கலந்தால் ஒவ்வாமையைக் கிளப்பும். கதவைக்கூட மூடாமல் சுரண்டிய தூசி வீடு முழுக்கப் பறந்ததுதான் மிச்சம் (மகளின் பஞ்சு பொம்மைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அந்த அழுகையை நீங்கள் கேட்கவில்லை).

சரி, எனக்கு வேண்டியது இதுதான். கசிவை உங்கள் செலவில் அடைத்துக் கொடுங்கள். கெட்டுப்போன பூச்சைப் பெயர்த்து எடுங்கள், அப்போது வாசலில் பிளாஸ்டிக் ஷீட் கட்டுங்கள். சுவர் முழுதாகக் காயும் வரை, அது எத்தனை வாரம் ஆனாலும், பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். அதற்குச் சம்மதமில்லை என்றால் வாங்கிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும், போனில் இல்லை, எழுத்தில். ஆட்களை அனுப்புவதானால் முந்தின நாளே சொல்லுங்கள், குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுகிறேன்.